எந்தக் கேள்விக்கு எந்தப் படம்? எக்ஸ்ரே, ஸ்கான் பற்றிய கேள்வி பதில்

பதிலளிப்பவர்: யாழ்ப்பாணத்தில் பணியாற்றும் கதிரியல் மருத்துவர் ஒருவர்

கேள்வி (சாவகச்சேரி): யுத்த காலத்தில் என் தொடையில் பாய்ந்த ஷெல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. இப்போது முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா, டொக்டர்?

பதில்: ஐயா, எடுக்கலாமா என்பதை அந்தத் துண்டு இருக்கும் இடமே தீர்மானிக்கும். எம்.ஆர்.ஐ. இயந்திரங்களில் பெரும்பாலானவை 1.5 அல்லது 3 ரெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) வலிமையுள்ள காந்தத்தைக் கொண்டவை. 1.5 ரெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. ஷெல் துண்டுகள் பெரும்பாலும் உருக்கினால் ஆனவை என்பதால், அந்தக் காந்தம் அவற்றை இழுக்கவோ திருப்பவோ கூடும். ஆண்டுக்கணக்கில் தசைக்குள் கிடக்கும் துண்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து அதை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆகையால், தொடையில் இருப்பது பல வேளைகளில் பெரிய தடையாவதில்லை. ஆனால் கண்ணிலோ, மூளையிலோ, முண்ணாணுக்கு அருகிலோ, பெரிய இரத்தக் குழாயை ஒட்டியோ இருந்தால் நிலைமை வேறு.

ஆகவே முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுப்போம். அதில் உலோகத் துண்டு எலும்பையும் விட வெண்மையாக, ஓரங்கள் கூர்மையாகப் பளிச்சென்று தெரியும். ஒரு துண்டு என்று நினைத்து வந்தவரின் படத்தில் அரிசிக் குறுணல் போலப் பல புள்ளிகள் சிதறிக் கிடப்பதும் உண்டு. துப்பாக்கிக் குண்டுகள் பெரும்பாலும் ஈயமும் செம்பும் என்றாலும், சிலவற்றில் உருக்கு உறை இருக்கும். எந்த வகை என்பதை எக்ஸ்ரேயை வைத்து உறுதியாகச் சொல்ல இயலாது. எம்.ஆர்.ஐ. பொருந்தாது என்று முடிவானால், எக்ஸ்ரே கதிர்களால் குறுக்குவெட்டுப் படங்கள் எடுக்கும் சி.ரி. ஸ்கான் எடுக்கலாம், நரம்புகளை அது அவ்வளவு தெளிவாகக் காட்டாவிட்டாலும், முள்ளந்தண்டு வட்டு பிதுங்கியிருப்பதை ஓரளவு காட்டிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடம்பில் துண்டு இருப்பதைச் சொல்லத் தயங்குபவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். காயம் எப்படி வந்தது, யாரால் வந்தது என்பவை எங்களுக்குத் தேவையில்லை. எங்கே இருக்கிறது என்பது மட்டுமே தேவை. தயவுசெய்து மறைக்காதீர்கள்.

கேள்வி (பருத்தித்துறை): அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது உடனே சி.ரி. எடுத்து "ஒன்றும் தெரியவில்லை" என்றார்கள். இரண்டு நாள் கழித்து எம்.ஆர்.ஐ. கேட்டார்கள். முதற்படம் வீண்தானே?

பதில்: வீண் இல்லை, தம்பி. அந்த நேரத்தில் மருத்துவர் அறிய விரும்பியது, மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறதா என்பதை. புதிதாகக் கசிந்த இரத்தம் சி.ரி.யில் வெள்ளையாகத் தெரியும். படம் எடுக்கச் சில நிமிடங்களே செல்லும். அடைப்பினால் வந்த பாரிசவாதத்துக்கு, தகுதியுள்ள நோயாளருக்கு, பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் உறைந்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம். அதே மருந்தை இரத்தக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எனவே "ஒன்றும் தெரியவில்லை" என்றால் பாரிசவாதம் இல்லை என்று பொருள் அல்ல, கசிவு இல்லை என்றே பொருள். அடைப்பினால் பாதிக்கப்பட்ட பகுதி முதல் சில மணித்தியாலங்களில் சி.ரி.யில் தெரியாமல் போவது வழமை, எம்.ஆர்.ஐ. அதை மிக விரைவில் காட்டும்.

கேள்வி (மானிப்பாய்): முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள என் மகனுக்கு இதுவரை மூன்று தடவை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. நிலத்திலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதர் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட் (உடம்பு பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லிசீவேட்டுக்கு மேற்படுவது அரிது. நாங்கள் உண்மையில் கணக்குப் பார்ப்பது சி.ரி. ஸ்கானில்தான்: வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.ரி. 8 முதல் 10 மில்லிசீவேட் வரை வரும். தேவைப்படும் இடத்தில் அதுவும் எடுக்க வேண்டியதே. ஆனால் "எதற்கும் ஒருக்கா எடுத்துப் பார்ப்போம்" என்று பெற்றோரே வற்புறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி (வேலணை): வயிற்று ஸ்கானில் சிறுநீரகக் கல் தெரிந்தது, எக்ஸ்ரேயில் தெரியவில்லை. எது பிழை?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். யூரிக் அமிலக் கற்கள் எக்ஸ்ரேயில் விழுவதில்லை, ஒலி அலை ஸ்கானில் தெரியும். மாறாக, சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் சிக்கிய கல் குடல் வாயுவால் ஒலி அலை ஸ்கானில் மறைந்துபோகலாம். சந்தேகம் தீராவிட்டால், படத்தைத் தெளிவாக்கும் மருந்து எதுவும் ஏற்றாமல் எடுக்கும் சி.ரி. தீர்த்துவைக்கும்.

கேள்வி (கோண்டாவில்): எனக்கு நீரிழிவு இருக்கிறது. இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாது. சி.ரி.க்கு அயடீன் மருந்து ஏற்ற வேண்டுமாம். ஏற்றலாமா?

பதில்: கடலுணவு ஒவ்வாமை அதிலுள்ள புரதத்தால் வருவது; அயடீனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்காக மட்டும் இந்த மருந்தைத் தவிர்க்க வேண்டியதில்லை. முன்பு எப்போதாவது இதே மருந்து ஏற்றியபோது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நீரிழிவு இருப்பதால் சிறுநீரகச் செயற்பாட்டை அறிய இரத்தத்தில் கிரியற்றினின் அளவைப் பார்த்த பின்னரே ஏற்றுவார்கள். நீரிழிவுக்கான மெற்போமின் குளிசை பாவிப்பவராயின் அதையும் தெரிவியுங்கள். சிறுநீரகச் செயற்பாடு வெகுவாகக் குறைந்திருந்தால் அதை நிறுத்திவைத்து, 48 மணித்தியாலத்தின் பின் மீண்டும் இரத்தம் பார்த்துத் தொடங்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.