‘உங்களிடம் ஒரு பைசா வாங்க மாட்டேன்’ என்கிறார் இன்ஷூரன்ஸ் புரோக்கர்... நம்பலாமா?

கேள்வி: திருப்பூரில் வாடகைக் கட்டடத்தில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். மெஷின்கள் சுமார் 60 லட்சம் பெறும். நூல், துணி, தைத்த சரக்கு என்று எப்போதும் 80 லட்ச ரூபாய்க்கு ஸ்டாக் இருக்கும். வங்கியில் 50 லட்ச ரூபாய் சி.சி. லிமிட் (கேஷ் கிரெடிட், ஸ்டாக்கை ஈடாகக் காட்டி எடுக்கும் கடன்) உண்டு. ஸ்டாக்கிற்கான தீ விபத்து பாலிசியை இதுவரை வங்கியே போட்டு, பிரீமியத்தைக் கணக்கில் பிடித்துக்கொள்கிறது. இப்போது ஒரு புரோக்கர் வந்து, ‘நல்ல பாலிசியாகப் பார்த்துப் போட்டுத் தருகிறேன், உங்களிடம் ஒரு பைசா வாங்க மாட்டேன்’ என்கிறார். இன்னொருவர், ‘என் கமிஷனில் பாதியை உங்களுக்கே தருகிறேன்’ என்கிறார். சும்மா யாராவது வேலை பார்ப்பார்களா? யாரிடம் போவது?

பதில்: சும்மா யாரும் பார்க்க மாட்டார்கள். முதலாமவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறார். அவருக்கான காசு நீங்கள் கட்டும் பிரீமியத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. நீங்கலாகப் பிரீமியம் 40,000 ரூபாய், கமிஷன் 15% என்று வைத்துக்கொண்டால், நீங்கள் முழுத்தொகையையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கட்டிய பிறகு, அந்தக் கம்பெனி 6,000 ரூபாயைப் புரோக்கருக்குக் கொடுக்கும். இப்போது பாலிசி போடும் உங்கள் வங்கிக்கும் இப்படித்தான் வருகிறது. வங்கி இதில் ‘கார்ப்பரேட் ஏஜென்ட்’, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பாலிசி விற்றுத் தரும் நிறுவனம். ஆக, வங்கியை விட்டுப் புரோக்கரிடம் போவதால் உங்களுக்குக் கூடுதல் செலவு என்று எதுவும் இல்லை. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிற காசுக்கு யார் வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

ஏஜென்டுக்கும் புரோக்கருக்கும் சட்டப்படி உள்ள வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஏஜென்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆள். தனிநபர் ஏஜென்ட் என்றால் பொதுக் காப்பீட்டில் ஒரு கம்பெனியின் பாலிசியைத்தான் பொதுவாக விற்க முடியும். கார்ப்பரேட் ஏஜென்ட் ஒன்பது கம்பெனிகள் வரை வைத்துக்கொள்ளலாம். புரோக்கருக்கு அந்த வரம்பு இல்லை. எந்தக் கம்பெனியிடமும் கோட்டேஷன் வாங்கலாம். அவர் உங்கள் தரப்பு ஆள் என்கிறது விதி. இப்படி வாடிக்கையாளருக்குப் பாலிசி பார்த்துத் தரும் ‘நேரடி புரோக்கர்’ உரிமத்துக்குக் குறைந்தது 75 லட்ச ரூபாய் மூலதனம் வேண்டும். அவருடைய தவறால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்ட, தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இணையதளத்தில் உள்ள பட்டியலில் பார்த்துவிடுங்கள். விசிட்டிங் கார்டை நம்ப வேண்டாம்.

உங்கள் தரப்பு ஆளுக்கு எதிர்த்தரப்பு சம்பளம் கொடுப்பது விநோதமான ஏற்பாடுதான். அதில் சிக்கலும் இருக்கிறது. முன்பு தீ, வாகனம், மருத்துவம் என்று ஒவ்வொரு வகைக்கும் கமிஷன் உச்சவரம்பு தனித்தனியாக இருந்தது. 2023 ஏப்ரலில் அது போய்விட்டது. பொதுக் காப்பீட்டுக் கம்பெனியின் மொத்த நிர்வாகச் செலவு, கமிஷனையும் சேர்த்து, பிரீமிய வருமானத்தில் 30%-க்குள் இருக்க வேண்டும் என்ற ஒட்டுமொத்த வரம்புதான் வந்தது. அதற்குள் எந்தப் பாலிசிக்கு எவ்வளவு என்று அந்தந்தக் கம்பெனியே முடிவு செய்யலாம். அதனால் ஒரே பாலிசிக்கு ஒரு கம்பெனி 12% கொடுக்கும், இன்னொன்று 20% கொடுக்கும் என்ற நிலைமை சாத்தியம். புரோக்கர் எந்தக் கம்பெனியைச் சிபாரிசு செய்கிறார் என்பதில் இது நுழையலாம். தடுக்க உங்களிடம் ஒரு வழி இருக்கிறது: வாடிக்கையாளர் கேட்டால் கமிஷன் விகிதத்தைச் சொல்ல வேண்டும் என்பது புரோக்கர்களுக்கான நடத்தை விதியிலேயே உண்டு. மூன்று கம்பெனிகளின் கோட்டேஷனும், மூன்றிலும் அவருக்கு எவ்வளவு என்பதும் மின்னஞ்சலில் வரட்டும். வாய்ப்பேச்சில் வேண்டாம்.

கமிஷன் பிரீமியத்தில் சதவீதம் என்பதால், தேவைக்கு மேல் பாலிசியைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். தீ விபத்து பாலிசியில் நான் அதிகம் பயப்படுவது இதற்கு நேர்மாறான விஷயத்துக்கு. அடுத்தவரை விடக் குறைந்த பிரீமியம் காட்டி ஆர்டரைப் பிடிக்க, காப்பீட்டுத் தொகையையே குறைத்துவிடுவார்கள். உங்கள் வங்கியும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்திருக்கும் என்று நினைக்கிறேன். 50 லட்சம் லிமிட் என்றால் 50 லட்சத்துக்குப் பாலிசி; அதோடு வங்கியின் கவலை தீர்ந்தது. பழைய பாலிசியை எடுத்து, ‘ஸ்டாக்’ என்ற வரிக்கு நேரே என்ன தொகை இருக்கிறது, மெஷின் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அங்கே 50 லட்சம்தான் இருக்கிறது, 80 லட்ச ரூபாய் சரக்கும் உங்கள் கம்பெனிக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டிங் டேபிள் பக்கம் தீப்பிடித்து 20 லட்ச ரூபாய்த் துணி போய்விட்டது. 50 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, 20 லட்சம் முழுதாக வந்துவிடும் என்று நினைப்பீர்கள். வராது. 80-க்கு 50 தான் காப்பீடு என்பதால் நஷ்டத்திலும் அதே விகிதம்: 20 லட்சம் × 50 ÷ 80 = 12.5 லட்சம். மீதி 7.5 லட்சம் உங்கள் தலையில். இதைத்தான் ‘ஆவரேஜ்’ என்பார்கள். ஓரிடத்தில் மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடிக்குள் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியில் 15% வரை குறைவாகப் போட்டிருந்தால் கண்டுகொள்வதில்லை. உங்கள் குறைவு 37.5%. அந்தச் சலுகைக்குள் வராது.

தொகையை முடிவு செய்யும்போது கையிருப்புச் சரக்கை விற்பனை விலையில் போடாதீர்கள், அடக்க விலையில் போடுங்கள். கிளெய்மிலும் பொதுவாக அப்படித்தான் பார்ப்பார்கள். மெஷினுக்கு, இன்று அதே மாதிரி புதிதாக வாங்க ஆகும் விலை. வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டையும் சரிபாருங்கள். டிராயிங் பவர் (ஸ்டாக்கை வைத்து வங்கியில் எடுக்கக்கூடிய தொகை) கூட வேண்டும் என்பதற்காக 80 லட்சத்தை 1 கோடியே 10 லட்சம் என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் ஊரில் உண்டு. கிளெய்ம் வந்தால், நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்கும் காகிதங்களில் அந்த ஸ்டேட்மென்ட்டும் ஒன்று. ஜி.எஸ்.டி. ரிட்டர்னோடும் கொள்முதல் பில்லோடும் அது ஒத்துப்போகாவிட்டால், கூடுதல் மதிப்பை வைத்து ஆவரேஜ் போடுவார், அல்லது உங்கள் கணக்கையே நம்ப மாட்டார்.

அடுத்தது, உங்கள் தொழிலுக்கே உரிய ஓட்டை. பாலிசி என்பது முகவரிக்கு. நூல் நிட்டிங் போகிறது, துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங் என்று சுற்றிவிட்டுத்தான் உங்களிடம் திரும்புகிறது. அந்த 80 லட்சத்தில் எவ்வளவு வெளியே கிடக்கிறது என்று உங்கள் கேள்வியில் இல்லை. மேலே சொன்ன ‘பாரத் சூக்ஷ்ம’ பாலிசியில், வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே அனுப்பிய சரக்குக்கு ஸ்டாக் தொகையில் 10% வரை பாதுகாப்பு உண்டு. 25 லட்ச ரூபாய்த் துணி சாயப்பட்டறையில் இருக்கும்போது அங்கே தீப்பிடித்தால் அது போதாது. ஜாப் ஒர்க் இடங்களின் முகவரிகளைப் பாலிசியில் சேர்க்க வேண்டும். அங்கே போன சரக்குக்கு டெலிவரி சலான் கையில் இருக்க வேண்டும். வந்திருக்கும் புரோக்கர் இதைத் தானாகக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காமல் கோட்டேஷனோடு வந்தவர், போன வருடத்துப் பாலிசியைப் பார்த்துக் காப்பி அடித்தவர்.

கமிஷனில் பாதி தருகிறேன் என்பவரை விட்டுவிடுங்கள். காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 41-ஆவது பிரிவுப்படி அப்படிக் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். அபராதம் 10 லட்ச ரூபாய் வரை போகலாம். சட்டம் கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 6,000 ரூபாயில் 3,000-ஐ உங்களிடம் கொடுத்துவிட்டவர், கிளெய்ம் சமயத்தில் சர்வேயரோடு நான்கு நாள் உங்கள் கோடவுனில் வந்து நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

புரோக்கரை அமர்த்துவதென்றால் அவர் ஒரு கடிதம் கேட்பார், ‘மேண்டேட்’ என்று. உங்கள் சார்பில் கம்பெனிகளிடம் விலை கேட்க அவருக்கு நீங்கள் தரும் அதிகாரம் அது. லெட்டர்பேடில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். எந்தப் பாலிசிக்கு, எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். இரண்டு பேருக்கு ஒரே பாலிசிக்குக் கொடுத்தால் கம்பெனி குழம்பும். முதலில் வந்தவரோடு மட்டும் பேசும், இல்லாவிட்டால் கோட்டேஷனையே நிறுத்திவைக்கும். கிளெய்மில் அவர் என்னென்ன செய்வார் என்பதையும் பதில் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் கொடுப்பது, காகிதங்களைத் தொகுப்பது, சர்வேயர் வரும்போது உடனிருப்பது, அறிக்கையில் குறைத்திருந்தால் எழுதிக் கேட்பது, இவை அவர் வேலை. கிளெய்ம் தொகையை முடிவு செய்வது அவர் கையில் இல்லை. ‘நான் வாங்கித் தருவேன்’ என்று உறுதி சொன்னால் சந்தேகப்படுங்கள்.

பிரீமியத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயருக்கே நேராகக் கட்டுங்கள். பணம் போய்ச் சேராமல் பாதுகாப்பு தொடங்காது என்பது அதே காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு, செக் திரும்பினால் பாலிசி காகிதம் கையில் இருந்தும் பயனில்லை. உங்கள் கம்பெனி தனிநபர் உரிமையில் இருந்தாலோ மைக்ரோ நிறுவனமாக இருந்தாலோ, 50 லட்ச ரூபாய் வரையிலான தகராறுக்குச் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். 2021 முதல் புரோக்கர் மீதான புகாரும் அங்கே செல்லும்.

வங்கி விஷயம் பாக்கி. தன்னிடம்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்த முடியாது. வங்கியின் பெயர் பாலிசியில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், அது நியாயம். பழைய பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே, இந்த முறை நானே எடுக்கிறேன், கணக்கில் பிடிக்க வேண்டாம் என்று கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பாலிசி வந்ததும் ஒரு பிரதியைக் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வங்கியும் வழக்கம்போல ஒன்று போட்டுவிடும். ஒரே சரக்குக்கு இரண்டு பிரீமியம் போகும், ஒரு கிளெய்முக்கு இரண்டு கம்பெனி வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.