நோட்டரி சீல் போட்ட கல்யாணம் செல்லுமா?

கேள்வி: பெண்களான நானும் என் தோழியும் ஐந்து ஆண்டுகளாகக் காட்பாடியில் சேர்ந்து வாழ்கிறோம். ரூ.25,000 கொடுத்தால் முத்திரைத்தாளில் திருமண ஒப்பந்தம் எழுதி நோட்டரி சீலும் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். அல்லது எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்ய உத்தரவிடக் கோரி ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாமாம். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். நோட்டரிக்குக் கல்யாணம் செய்துவைக்கும் அதிகாரமே இல்லை. ஆணும் பெண்ணும் போய் நின்றாலும் அந்தத் தாளால் அவர்கள் கணவன் மனைவி ஆவதில்லை. அடுத்து ‘பதிவு செய்ய மறுக்கிறார்கள், கேஸ் போடணும்’ என்று அதே புரோக்கர் இன்னொரு தொகைக்கு வந்து நிற்பார்.

ரிட் ஏன் வேண்டாம்? 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒரே பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தருவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடி. ஹைகோர்ட் அதை மீற முடியாது. நாடாளுமன்றம் எப்போது வாய் திறக்கும் என்று கேட்காதீர்கள். கமிட்டி போடுவதில் மட்டும் நமக்குக் குறைவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்களில் ஒருவர் திருநம்பி, அதாவது பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவாகி ஆணாகத் தன்னை உணர்பவர் என்றால் கதை வேறு. திருநர் ஒருவர் எதிர்ப்பாலினத்தவரை மணப்பதை இப்போதுள்ள சட்டங்களே அனுமதிக்கின்றன என்பதில் அந்த ஐவரும் ஒன்றுபட்டார்கள். திருநங்கையும் ‘மணமகள்’தான் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-லேயே சொல்லியிருக்கிறது. இதைக் காட்டி, ‘ஒருத்தருக்குத் திருநர் அட்டை வாங்கிடலாம்’ என்று புரோக்கர் ஆரம்பிப்பார். உண்மையில் திருநம்பியாக இல்லாதவர் அப்படிப் பொய்யாக எழுதிக் கொடுக்கவே கூடாது.

இப்போதைக்கு உயில்தான் உங்களுக்குக் கவசம். வெள்ளைத்தாளே போதும், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்தைப் பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு அண்ணன் தம்பிகள் கையெழுத்தே பொய் என்பார்கள். பேங்கில் ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கத் தடையில்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது. நாமினியாகப் போட்டால் மட்டும் பணம் சொந்தமாகாது, உயிலிலும் எழுதுங்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் போட்டால் குடும்பத்தாருக்கான கட்டணச் சலுகை கிடைக்காது. பத்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தாலும் சார்பதிவாளருக்கு நீங்கள் அந்நியர்கள்தான்.

வீட்டார் ஒருவரை இழுத்துப்போய் அடைத்துவைத்தால் அப்போது ஹைகோர்ட்டுக்குப் போங்கள், ஆட்கொணர்வு மனுவோடு. 2025 மே மாதம் வேலூர் மாவட்டப் போலீஸை எதிர்மனுதாரராக்கி வந்த இப்படியொரு மனுவில், 25 வயதுப் பெண்ணைத் தோழியோடு போக விட்டது சென்னை உயர் நீதிமன்றம். ஹைகோர்ட்டுக்குப் போகும் முன்பே ஸ்டேஷனில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிவையுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தால் கோர்ட்டில் காட்ட எதுவும் இருக்காது.