கணினி அறிவியல் முதுகலையில் எந்த செமஸ்டரில் எந்தப் பாடத்தை எடுப்பது?

எதை முடித்துவிட்டு எதை எடுப்பது, எதோடு எதைச் சேர்ப்பது என்று முன்கூட்டியே வரிசை போடுவதுதான் பாடத் திட்டமிடல். அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.எஸ். கணினி அறிவியல் படிப்பை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 30 கிரெடிட், அதாவது 10 பாடங்கள். முதல் 12 மாதத்துக்குள் அடிப்படைப் பாடங்கள் இரண்டில் குறைந்தது 'பி' வாங்கியாக வேண்டும்.

வரிசை ஏன் முக்கியம்? காலையில் இட்லி வேண்டுமென்றால் முதல் நாளே மாவு அரைத்திருக்க வேண்டும் அல்லவா, அது மாதிரிதான். லீனியர் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும் கைவராமல் மெஷின் லேர்னிங் வகுப்பில் உட்கார்ந்தால், பேராசிரியர் கிரேடியண்ட் பற்றிப் பேசும்போது நீங்கள் மேட்ரிக்ஸ் பெருக்கலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். சி மொழி தெரியாமல் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் எடுத்தாலும் இதே கதைதான்: நினைவக முகவரியைக் குறிக்கும் பாயிண்டரில் வரும் ஒரே ஒரு பிழையிலேயே சனி, ஞாயிறு இரண்டும் போய்விடும்.

புராஜெக்ட் அதிகமுள்ள இரண்டு பாடங்களை ஒரே செமஸ்டரில் வைக்காதீர்கள். கோடை செமஸ்டர் குறுகியது. அதில் ஒன்றே போதும் என்பேன்.

அப்புறம், எல்லாமே 3 கிரெடிட்தானே, உழைப்பும் ஒரே அளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஒரு பாடத்துக்கு வாரத்தில் இரண்டு மாலை போதும், இன்னொன்று வார இறுதி முழுவதையும் விழுங்கும்.