வேப்பமர நிழலா, இலவச வெயிலா?

கேள்வி: மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பள்ளிக்குப் போக வர தினமும் 40 கி.மீ. ஓட்டுகிறேன். எட்டு ஆண்டுப் பழைய பெட்ரோல் காரில் மாதம் 6,000 ரூபாய் எரிபொருளுக்கே போகிறது. வீட்டில் இரண்டு ஏசி. இரு மாத மின்கட்டணம் 700 யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 4,000 ரூபாய். ஃபிக்ஸட் டெபாசிட்டில் 9 லட்சம் இருக்கிறது. அதை எடுத்து, கூரையில் சூரியத் தகடு பதித்த மின்சார கார் வாங்கிவிட்டால் பெட்ரோலும் வேண்டாம், கரண்டும் வேண்டாம் அல்லவா?

பதில்: பெட்ரோல் வேண்டாம், சரி. கரண்ட் வேண்டும்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். சிறிய காரின் கூரையில் 300 வாட்டுக்கு மேல் பதிப்பதே பெரும்பாடு. அது தருவது சுமார் 1.2 யூனிட், ஓடுவது எட்டு, பத்து கிலோமீட்டர். புனேயின் வேவ் நிறுவனம் தன் ஈவா காருக்குச் சொல்வதும் நாளுக்குப் பத்து கிலோமீட்டர்தான். மீதி 30 கி.மீ.க்கு பிளக் பாயின்ட்டைத்தான் தேட வேண்டும். ஈவாவுக்கு 2025-ல் அறிவித்த 3.25 லட்சம் என்ற அறிமுக விலையில் பேட்டரி சேராது. அதற்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வாடகை. உங்கள் ஓட்டத்துக்கு அதுவே மாதம் 1,900 ரூபாயைத் தாண்டும்.

அந்த 1.2 யூனிட்டின் மதிப்பு, உங்கள் உயர்ந்த கட்டணப் படியில் வைத்தாலும் 12 ரூபாய். அதற்காகப் பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியை விட்டு, நடு மைதானத்தில் காரை நிறுத்த வேண்டும். மாலை நாலரை மணிக்குக் கதவைத் திறந்தால் அடுப்பு. ஸ்டீயரிங்கில் கை வைக்க முடியாது. ஏசியை முழுதாகத் திருகுவீர்கள்; பகலெல்லாம் சேர்த்ததில் பெரும் பங்கை வீடு வந்து சேர்வதற்குள் அதுவே குடித்துவிடும்.

பெரிய கைகளும் இதில் சுட்டுக்கொண்டன. நெதர்லாந்தின் லைட்இயர் 2,50,000 யூரோ விலையில் ஒரு கார் செய்தது. தயாரிப்பு தொடங்கிச் சில வாரங்களில், 2023 ஜனவரியில் நிறுத்தியது. ஜெர்மனியின் சோனோ மோட்டார்ஸ் அடுத்த மாதமே தன் சியோன் காரைக் கைவிட்டது. ஆயிரக்கணக்கானோர் முன்பதிவு செய்திருந்தனர். ஆகவே வெளிவராத காருக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

தகடு இருக்க வேண்டிய இடம் உங்கள் மொட்டை மாடி. மூன்று கிலோவாட் அமைக்கச் சுமார் 2 லட்சம் ஆகும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். இரு மாதத்துக்கு 700 யூனிட் வரை கிடைக்கும், அதாவது இன்றைய உங்கள் மின் பயன்பாடு முழுவதும். சில்லறைக் கட்டணங்கள் போனாலும் போட்ட பணம் ஆறேழு ஆண்டுகளில் திரும்பிவிடும். நெட் மீட்டர் இருப்பதால் பகலில் விளைந்ததை இரவுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். (உங்கள் பயன்பாடு 400 யூனிட்டாக இருந்திருந்தால் இதையும் வேண்டாம் என்றிருப்பேன். முதல் 100 யூனிட் இலவசமாகவும் அடுத்தது மலிவாகவும் கிடைக்கும்போது தகட்டுக்கு வேலை குறைவு.)

சாதாரண மின்சார காரையும் கணக்குப் பார்த்தேன். சார்ஜ் இழப்பையும் சேர்த்து மாதம் 155 யூனிட், ஏறக்குறைய 1,550 ரூபாய். மிச்சம் 4,450. பழைய காரை விற்றது போக இன்னும் 6 லட்சம் போட வேண்டும் என்றால், அது திரும்ப 11 ஆண்டுகள். ஓடுகிற காரை இதற்காக விற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போதைக்கு டெபாசிட்டிலிருந்து 2 லட்சம் மட்டும் எடுங்கள். மானியம் வந்ததும் அதைத் திரும்பப் போட்டுவிடுங்கள். ஒரே ரசீதாக இருந்தால் முழுவதையும் உடைக்காமல், முதிர்வுத் தேதி வரை பொறுத்து, அதன்பின் மூன்று நான்காகப் பிரித்துப் போடுங்கள். தகடு பொருத்தும்போது நான்காவது கிலோவாட்டுக்கு மாடியில் இடம் ஒதுக்கி, தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டரையும் அதற்கேற்ற அளவில் கேளுங்கள். பழைய காரின் இன்ஜின் பெரிய செலவு வைக்கும்போது மின்சார காருக்கு அது பயன்படும்.