சூரியப் புயலும் துகள் எண்ணும் கருவியும்: வாசகர் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் சூரியப் புயல், அதாவது சூரியன் திடீரென்று துகள்களை வாரி வீசுவது, பற்றிப் பேசினேன். நேரம் போதாமல் துண்டுச்சீட்டில் வாங்கி வந்த கேள்விகள் இவை.

புயல் நேரத்தில் செயற்கைக்கோள் கருவி துகளை எப்படிப் பிடிக்கிறது? (ஓர் ஆசிரியை)

பிடிப்பதில்லை டீச்சர், தடம் பார்க்கிறது. சிறு சிலிக்கான் வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். சூரியனிலிருந்து வரும் புரோட்டான் என்ற மின்னேற்றத் துகள் உள்ளே நுழைந்தால் சிலிக்கானில் ஒரு மின்துடிப்பு எழும். துகள் அங்கே எவ்வளவு ஆற்றலை விட்டது என்று அது சொல்லிவிடும். ஆற்றல் குறைந்தது முதல் வில்லையிலேயே நின்றுவிடும், மிகுந்தது அடிவரை போகும். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இந்தியாவின் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா எல்-1-இலும் துகள் கருவிகள் உண்டு. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி தமிழ்நாட்டுச் செங்கோட்டை ஊர்க்காரர்.

கருவி திணறிப்போகும் என்றீர்களே? (படிவம் ஐந்து மாணவர்)

எனக்கு மிகவும் பிடித்த கதை அது. 1958-இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர் 1 கொண்டுபோன, துகள்களை எண்ணும் கைகர் கருவி, உயரே போகப் போக எண்ணுவதையே நிறுத்திச் சுழியம் காட்டியது. தோட்டத்தில் காலைப் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணி (கணக்கர்) பேர் பதிவதை உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். வரிசையில் வந்தால் ஒருவர்கூட விடுபட மாட்டார். நூறு பேர் ஒரேயடியாக மேசையை மொய்த்தால் பேனா ஓடாது. கருவிக்கும் அதே கதிதான். ஒரு துகளை எண்ணி மீள்வதற்குள் அடுத்தது வந்து விழுந்தது. அந்தச் சுழியத்தைச் சந்தேகித்ததால்தான் அந்தக் கருவியைச் செய்த விஞ்ஞானி வான் ஆலனின் குழு, பூமியைச் சுற்றித் துகள்கள் சிக்கியிருக்கும் கதிர்வீச்சு வளையங்களைக் கண்டுபிடித்தது. இன்றும் புயலில் எண்ணிக்கை சரிந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும்: கருவி திணறுகிறதா, துகள்களே வளையத்தை விட்டு வெளியேறிவிட்டனவா?

மார்ச்சில் பட்டப்பகலில் டிவி படம் சில நிமிடம் போகிறது. புயலா? (ஓர் அக்கா)

இல்லை அக்கா. அந்த நாள்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். அதன் ரேடியோ இரைச்சல் உங்கள் டிஷ்ஷில் விழும். செப்டம்பர் கடைசி வாக்கிலும் வரும்.

செம்பனைக்கு ட்ரோனில் மருந்தடிக்கிறேன். எனக்கு ஏதாவது பாதிப்பு? (ஒரு தம்பி)

உண்டு தம்பி. 2024 மே புயலில் அமெரிக்காவில் ஜிபிஎஸ் வழிகாட்டலில் நடவு செய்த டிராக்டர்கள் தடம் மாறி, பலர் வேலையை நிறுத்தினார்கள். நம் பக்கம் புயல் இல்லாத நாளிலும் பொழுது சாய்ந்தபின், ஜிபிஎஸ் சிக்னல் கடந்து வரும் அயனி மண்டலம் (மேல்வானின் மின்னேற்ற அடுக்கு) கலங்கும். மார்ச், செப்டம்பர் வாக்கில் கூடுதலாக. ஆகவே காலையில் அடியுங்கள். கிளம்புமுன் புயலின் வலுவைச் சொல்லும் கேபி (Kp) எண்ணைப் பாருங்கள், 0 முதல் 9 வரை போகும். 7-ஐத் தாண்டினால் அன்றைக்கு விட்டுவிடுவேன். அவசரமென்றால் 'வீடு திரும்பு' பொத்தானை மட்டும் நம்பாதீர்கள், அதுவும் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத்தான் திரும்பும்.