ஒளிப்படக் கேள்வி பதில்: மலை ஏன் தட்டையாகத் தெரிகிறது?

கேள்வி: ஒரே கேமராவால் முப்பரிமாணப் படம் எடுக்கலாம் என்றார்கள். தொலைவிலுள்ள மலையை ஒருமுறை எடுத்துவிட்டு, கேமராவைச் சற்று வலப்பக்கம் நகர்த்தி மறுபடியும் எடுத்தேன். இரண்டையும் ஸ்டீரியோஸ்கோப்பில் (ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படத்தைத் தனித்தனியாகக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் ஆழமே தெரியவில்லையே?

பதில்: மலையின் மேல் குற்றமில்லை. நம் கண்மணிகளுக்கு இடையே ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர்தான். அந்த அளவு நகர்ந்தால் பக்கத்துப் பூச்செடி பின்னணியை விட்டு நன்றாக விலகும், மலை அசைந்துகொடுக்காது. இரண்டு படங்களும் ஒன்றுபோல இருந்தால் மூளை எதை ஒப்பிடும்? படங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டிலிருந்துதான் அது ஆழத்தைக் கட்டுகிறது. 1838-இல் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் இதை விளக்கியபோது ஒளிப்படக்கலை இன்னும் உலகுக்கு அறிவிக்கப்படவே இல்லை. நிழலோ வண்ணமோ இல்லாத கோட்டோவியங்களையே இரண்டு முகம்பார்க்கும் கண்ணாடிகளில் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி எழுந்து நிற்க வைத்துவிட்டார் மனிதர்!

படத்தில் மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர வேண்டும் என்பது அனுபவ விதி. 3 மீட்டர் என்றால் 10 சென்டிமீட்டர். 300 மீட்டர் என்றால் 10 மீட்டர். நகரும்போது உயரம் மாறக்கூடாது, கேமராவை உள்நோக்கித் திருப்பவும் கூடாது. மேகம் ஓடுவதற்குள் இரண்டாவது படத்தை எடுத்துவிடுங்கள்.

ஆனால் 10 மீட்டர் நகர்ந்தால் மலை பொம்மைபோலச் சிறுத்துத் தெரியும். எனக்கு அது பிடிப்பதில்லை. 2 மீட்டர் தொலைவில் ஒரு பாறையோ கிளையோ இருக்கும்படி நின்று, கண்ணிடைவெளி அளவே நகர்வேன். மலை பின்னணியாகவே கிடக்கட்டும்.

கேள்வி: என் படத்தில் பின்னாலிருக்கும் சுவர் முன்னால் வருகிறது, முன்னாலிருக்கும் நாற்காலி உள்ளே போகிறது!

பதில்: இடப்படமும் வலப்படமும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றி வையுங்கள். வேடிக்கை என்னவென்றால், மனித முகத்தை இப்படி மாற்றி வைத்தாலும் பெரும்பாலும் அது குழிந்து தெரிவதில்லை. குழிந்த முகத்தை நம்ப மூளை அவ்வளவு எளிதில் சம்மதிக்காது.

கேள்வி: சிறு வயதிலிருந்தே எனக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. இந்தப் படங்கள் எனக்குப் பயன்படுமா?

பதில்: ஸ்டீரியோஸ்கோப் பயன்படாது, படங்கள் பயன்படும். இரண்டையும் கணினித் திரையில் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வேகமாக ஓடவிடுங்கள். அருகிலுள்ளவை அதிகமாகவும் தொலைவிலுள்ளவை குறைவாகவும் ஆடும். அந்த அசைவைக் கொண்டே எது முன்னால், எது பின்னால் என்று ஒற்றைக் கண்ணும் கண்டுகொள்ளும்.