பழைய கார்தானே என்று சொல்லி எடுத்துப் போக விடாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் பொறுமையாகப் படித்தேன். இங்கிலாந்துக்கு வந்த கொஞ்ச நாளிலேயே 1968 மாடல் மோரிஸ் மைனர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, தினமும் வேலைக்கு அதிலேயே போய் வருகிறீர்கள். கிளைச் சாலையிலிருந்து நிற்காமல் வெளியே வந்த ஒருவர் இடது முன்பக்கத்தில் இடித்துவிட்டார். "ரிப்பேர் செலவு காரின் மதிப்பைத் தாண்டுகிறது, ஒரு தொகை தருகிறோம், காரை எடுத்துக்கொள்கிறோம்" என்று அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி மெயில் அனுப்பியிருக்கிறது. ஒத்துக்கொள்வதா, இதோடு பழைய கார் ஆசையை விட்டுவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பணத்தை விடக் கார் முக்கியம். அது உங்கள் வீட்டு வாசலை விட்டு நகரக் கூடாது. "எங்கள் யார்டில் வைத்துப் பரிசோதிக்கிறோம்" என்று இனிமையாகத்தான் கேட்பார்கள். போன பிறகு தினசரி வாடகை, சால்வேஜ் கம்பெனி (அடிபட்ட கார்களை வாங்கி விற்பவர்கள்) என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். பார்க்க வேண்டுமென்றால் அவர்களே வந்து பார்க்கட்டும். இதை எழுத்தில் சொல்லுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இரண்டு வழியில் பணம் கேட்கலாம்: இடித்தவரின் கம்பெனியிடம் நேராக, அல்லது உங்கள் சொந்த பாலிசியில். உங்களுடையது கிளாசிக் கார் பாலிசியா, அதாவது பழைய கார்களுக்கென்றே உள்ள பாலிசியா என்று பாருங்கள். அதில் "அக்ரீட் வேல்யூ", அதாவது கார் மொத்தமாகப் போனால் இவ்வளவு தருவோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகை இருந்தால், அது உங்கள் கம்பெனியை மட்டும்தான் கட்டுப்படுத்தும். எதிர்த்தரப்புக் கம்பெனிக்கு அந்தத் தொகை பொருட்டே இல்லை. அவர்கள் சந்தை மதிப்பைத்தான் பேசுவார்கள். நிறைய பேர் சறுக்கும் இடம் இது. அக்ரீட் வேல்யூ இருந்தால் சொந்த பாலிசி வழியாகப் போவதே பெரும்பாலும் நல்லது. எக்ஸஸ் தொகையை, அதாவது கிளெய்மில் உங்கள் பங்கை, முதலில் நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும், அதைப் பிறகு இடித்தவரிடமிருந்து வசூலிக்கலாம். ஆனால் பாலிசியில் "கம்யூட்டிங்" சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிளாசிக் பாலிசிகளில் வேலைக்குப் போய் வருவதை விலக்கியிருப்பதும், ஆண்டுக்கு இத்தனை மைல் என்று எல்லை வைத்திருப்பதும் சகஜம். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர்நாடி.

சட்டம் என்ன சொல்கிறது? 1962-ல் ஒரு வழக்கு. ஒருவர் தன் பழைய எம்.ஜி. காருக்கு 'ஹார்டென்சியா' என்று பெயர் வைத்து, பார்த்துப் பார்த்துப் பராமரித்து வந்தார். இடிபட்டபோது ரிப்பேர் செலவு சந்தை மதிப்பைத் தாண்டியது. அதற்கு ஈடான கார் வேறு கிடைக்காது என்பதை ஏற்று, ரிப்பேர் செலவை முழுவதும் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். அடுத்த ஆண்டே, ஒரு பழைய லீ-பிரான்சிஸ் கார் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது: மாற்றுக் காரைச் சந்தையில் வாங்க முடியுமென்றால் சந்தை மதிப்புதான் கிடைக்கும்.

மோரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை சுமார் 16 லட்சம் தயாரானது. இன்னமும் நிறைய ஓடுகின்றன, விற்பனைக்கும் வருகின்றன. ஆகவே "என் கார் உலகத்தில் ஒன்றுதான்" என்று வாதாடிப் பயனில்லை. "இதே நிலையில், துரு இல்லாத, தினமும் ஓடக்கூடிய மைனரின் விலை என்ன?" என்று கேளுங்கள். அந்த விலையை அவர்களுடைய கம்ப்யூட்டர் பட்டியல் சொல்லாது. ஓடாமல் கொட்டகையில் கிடந்த காரும் உங்கள் காரும் அதில் ஒரே வரிசையில்தான் இருக்கும். நீங்கள்தான் ஆதாரம் கொடுக்க வேண்டும்: விபத்துக்கு முந்தைய படங்கள், கீழ்ப்பாகத்தின் படம் இருந்தால் இன்னும் நல்லது, வெல்டிங், எஞ்சின், பிரேக் வேலைக்கான பில்கள், இதே தரத்தில் இப்போது விற்பனையில் இருக்கும் மைனர்களின் விளம்பரங்கள். மோரிஸ் மைனர் ஓனர்ஸ் கிளப்பில் சேர்ந்துவிடுங்கள், மதிப்பீட்டுக்கு யாரைப் பிடிக்கலாம் என்று அங்கே கேட்டால் தெரியும். என் மைனரைப் பின்னால் இடித்தபோதும் இன்சூரன்ஸ் கம்பெனியின் இன்ஜினியர் காரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் படத்தை வைத்தே விலை போட்டார். பழைய பில்களை எல்லாம் தேதி வாரியாக அடுக்கி அனுப்பியதும் தொகை உயர்ந்தது.

உங்கள் சொந்தக் கம்பெனியோடு தகராறு என்றால் முறைப்படி புகார் கொடுங்கள். 8 வாரத்தில் அவர்கள் இறுதிப் பதில் தர வேண்டும். அது திருப்தியில்லை என்றால் 6 மாதத்துக்குள் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் சர்வீஸ் என்ற நிதிப் புகார் தீர்க்கும் அமைப்பிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் எதிர்த்தரப்புக் கம்பெனிமேல் அங்கே புகார் எடுபடாது, ஏனென்றால் நீங்கள் அவர்களுடைய வாடிக்கையாளர் இல்லை. அங்கே கடைசி வழி கோர்ட்தான். இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டு வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறு வழக்கு முறையில் பார்க்கலாம்.

'டோட்டல் லாஸ்', அதாவது கார் மொத்தமாகப் போனது, என்றே முடிவானாலும் கார் செத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. சால்வேஜ் மதிப்பை (அடிபட்ட நிலையில் காரின் விலை) கழித்துக்கொண்டு காரை நீங்களே வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். 2017 அக்டோபரிலிருந்து இங்கே அடிபட்ட கார்களுக்கு ஏ, பி, எஸ், என் என்று நான்கு பிரிவு. ஏ, பி திரும்ப ரோட்டுக்கு வரக் கூடாது. எஸ் என்றால் கட்டமைப்பில் அடி, என் என்றால் கட்டமைப்புக்கு அடியில்லை. இரண்டையும் சரிசெய்து ஓட்டலாம். எஸ் என்றால் லாக் புக்கை (காரின் பதிவுப் பத்திரம்) கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.விடம் புதியது வாங்க வேண்டும், பிரிவு அதில் பதிவாகும்.

இனி காருக்கு வருவோம். எனக்கு இதுதான் பெரிய கவலை. மைனரின் விங்குகள் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டுத் தகடுகள்) போல்ட்டில் நிற்பவை. நசுங்கிய விங்கைக் கழற்றி வேறு போடலாம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அது சின்ன வேலை. ஆபத்து அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இந்தக் காருக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடலே சேசிஸ். இடது கதவை மூடி, கதவுக்கும் விங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து, அந்தத் திறப்பின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும். பிறகு காருக்குக் கீழே படுத்து முன்பக்க டை ராடு (சக்கர அமைப்பை உடலோடு பிணைக்கும் கம்பி) வளைந்திருக்கிறதா, சேசிஸ் லெக்கில் (உடலின் பகுதியாகவே முன்னோக்கி நீளும் இரும்புக் கால்) பெயிண்ட் சுருங்கி வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு மடங்கிய இடத்தில் பெயிண்ட் கட்டாயம் காட்டிக்கொடுக்கும்.

சக்கரத்தில் அடி பட்டிருந்தால் இடது பக்க ட்ரன்னியனை (முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்ப வைக்கும் மரையிட்ட மூட்டு) கழற்றிப் பார்க்காமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். அதன் மரை தேய்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் உள்ளே மடங்கிவிடும். மைனர் ஓட்டும் எல்லோரும் அஞ்சுவது அதற்குத்தான். ஏற்கெனவே தேய்ந்திருந்தால் இந்த அடி அதை இன்னும் மோசமாக்கியிருக்கும்.

வேலையை யாரிடம் கொடுப்பது? புதுக் கார்களுக்குப் பார்ட் மாற்றிப் பழகிய பாடி ஷாப்பில் கொடுக்காதீர்கள். சுத்தியலும் டாலியும் (தகட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி) பிடித்துத் தகட்டை நிமிர்த்தத் தெரிந்தவர், துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து வெல்டிங் செய்பவர் வேண்டும். நசுங்கிய இடத்தில் பட்டியை அப்பி பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் உப்பு தூவுவார்கள், தினமும் ஓடும் காரில் பட்டிக்கு அடியில் ஈரம் போனால் மறு குளிர்காலத்தில் குமிழ் குமிழாக எழும்பி நிற்கும். கழற்றிய பழைய விங் ஒரிஜினல் இரும்பு என்றால் தூக்கிப் போடாதீர்கள், நிமிர்த்த முடிந்தால் அதுவே சிறந்தது. ஃபைபர் கிளாஸ் விங் போடுவதாக இருந்தால் ஹெட்லைட்டுக்குத் தனி எர்த் வயர் இழுக்கச் சொல்லுங்கள். இரும்பு விங்கில் உடலே எர்த். நிறம் பொருந்துவதற்குப் பக்கத்துப் பேனலிலும் சேர்த்து பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் எஸ்டிமேட்டில் போடச் சொல்லுங்கள், விட்டால் பிறகு கேட்க முடியாது. வேலை முடிந்ததும் உடலின் மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் துருப் பிடிக்காமலிருக்க மெழுகு அடிக்க மறக்க வேண்டாம்.

40 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத காருக்கு எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் செய்யும் வாகனத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. இருந்தாலும் ரிப்பேருக்குப் பிறகு நீங்களாகவே ஒரு எம்.ஓ.டி. எடுங்கள். ரோட்டுக்குத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையதுதான், அந்தச் சான்று நாளைய பேச்சுவார்த்தையிலும் உதவும்.

தினமும் ஓட்டுவதை நிறுத்துவதா? என்னைக் கேட்டால் வேண்டாம். நின்றே கிடக்கும் காரில் பிரேக் இறுகும், சீல் காயும், ஓடும் கார்தான் நல்ல நிலையில் இருக்கும். ஆனால் இந்தக் காரில் ஏர்பேக் இல்லை. இடிக்கிறவர் நம்மைக் காப்பாற்ற மாட்டார் என்பதை மனதில் வைத்து இடைவெளி விட்டு ஓட்டுங்கள். டேஷ் கேமரா ஒன்று கட்டாயம் மாட்டுங்கள், ஏதாவது நடந்தால் அன்றைய பதிவு அழிவதற்குள் எடுத்து வையுங்கள். முதலில் சீட் பெல்ட் இருக்கிறதா பாருங்கள். பெல்ட்டே இல்லாத பழைய காரில் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றவே கூடாது, அதற்கு மேற்பட்ட குழந்தைகள் பின் சீட்டில் மட்டும்தான் உட்காரலாம்.

அந்த மெயிலுக்கு இன்றே பதில் போடுங்கள்: "உங்கள் மதிப்பீட்டை ஏற்கவில்லை. எப்படிக் கணக்கிட்டீர்கள் என்ற விவரமும் இன்ஜினியர் அறிக்கையும் அனுப்புங்கள். கார் என்னிடமே இருக்கும். என் ஆதாரங்களை அனுப்புகிறேன்." இவ்வளவு போதும். யார் மேல் தவறு என்று அதில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். கதவு இடைவெளியையும் குறுக்களவையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், அதை வைத்து எஸ்டிமேட்டில் என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.